எண்ணி ஆடுவோர்

கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் மாலை இறைப்பு முடிந்தபின், கைகால் கழுவிய நால்வர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவது உண்டு. நடுவே விரித்த பாய். பக்கத்தில் வெற்றிலைத் தட்டம். பாயின்மேல் ஒரு சீட்டுக்கட்டு. கட்டிலுள்ள 52 சீட்டுகளில் இரண்டு முதல் ஆறு வரையான சிறு சீட்டுகள் 20ஐயும் முதலில் அகற்றிவிடுகின்றனர். எஞ்சிய 32 சீட்டுகளைக் கொண்டு அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு 'முந்நூற்று நான்கு' என்று பெயர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வாட்டத்தை அறியாத ஊர் இல்லை. கலியாண வீட்டிலும் ஆடுவர். செத்தவீட்டில் இரவு விழித்திருக்கவும் ஆடுவர். கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று குடியேறியோர் இதனையும் கையோடு கொண்டு சென்றனர். அங்கே பழைய மாணவர் சங்கங்கள் இதற்கெனப் போட்டிகள் நடத்துகின்றன.

சீட்டாட்டம் என்றவுடன் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். அவர்களுடைய அச்சம் காரணமற்றதன்று. திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே உண்டு. நாட்டையும் மனைவி மக்களையும் பிரிந்து காட்டுக்குச் சென்ற நளனுடைய கதையைப் புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் கற்றவர்கள் நாம். ஆயினும் அக்கதையின் பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தேர் செலுத்தும் பணியாளாக மாறிய நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறான். ஓடும் தேரிலிருந்தே ஒரு தான்றி மரத்தின் காய்களைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய எண்ணல் வித்தை அது. அதைக் கற்ற பின்னரே இழந்த நாட்டை அதே சூதில் மீட்கிறான். எண்ணத் தெரியாமல் ஆடியபோது தோற்றவன், எண்ணத் தெரிந்து ஆடியபோது வென்றான். இப்பேச்சு அந்த எண்ணலைப் பற்றியதே.

முந்நூற்று நான்கில் சீட்டுகளின் மதிப்பு நாம் பழகிய வரிசையில் அமைவதில்லை. இராசாவும் இராணியும் இங்கே சிறியோர். ஒவ்வோர் இனத்திலும் ஜாக் 30 பெறும், ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆக ஓர் இனத்துக்கு 76, நான்கு இனங்களுக்கும் 304. ஜாக்கையும் ஒன்பதையும் தலைமேல் வைக்கும் இம்முறை ஒல்லாந்தருடைய பழைய ஆட்டங்களிலும் காணப்படுவது. அவர்கள் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். பழைய அகராதிகளிலுள்ள ஆடுதன், கலாவரை, இஸ்கோப்பன் என்ற சீட்டுப் பெயர்களும் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவையே. கோட்டைகள் இடிந்தபின்னும் சொற்கள் பாயின்மேல் உயிரோடு இருக்கின்றன.

எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு சோடி. முதலில் ஆளுக்கு 4 சீட்டு மட்டும் பகிரப்படும். அந்த நான்கைக் கண்டே கேள்வி கேட்க வேண்டும். மிகக் குறைந்த கேள்வி 160. அதாவது மொத்தத்தின் பாதியாகிய 152க்குச் சற்று மேல். கேள்வியில் உயர்ந்தவர் தமக்கு விருப்பமான இனத்தைத் துரும்பாகக் கொண்டு, அவ்வினத்துச் சீட்டு ஒன்றை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே மற்ற 4 சீட்டும் பகிரப்படும். பாதிக் கையை மட்டும் கண்டு முழுப் பொறுப்பை ஏற்பதில்தான் ஆட்டத்தின் துணிவு இருக்கிறது.

இந்தத் துணிவுக்கு அளவு உண்டா? உண்டு. ஒருவர் கையில் முதல் நான்கில் ஓர் இனத்தின் ஜாக், ஒன்பது, எட்டு ஆகிய மூன்று இருப்பதாகக் கொள்வோம். அவர் காணாத சீட்டுகள் 28. அவற்றுள் அவ்வினத்தவை 5. அடுத்து வரும் நான்கில் அவற்றுள் ஒன்றாவது வந்து சேரும் வாய்ப்பு 100க்கு 57 அளவில் உள்ளது. பாதிக்குச் சற்று மேல், அவ்வளவே. 'எப்படியும் வரும்' என்று சொல்லித் துணிந்து கேட்பவர் இந்த 57ஐ 100 என்று மயங்குகிறார். 'என் சோடியிடம் இருக்கும்' என்ற நம்பிக்கையும் அத்தகையதே. எட்டுச் சீட்டும் கைக்கு வந்தபின் காணாதவை 24. அவை மூவரிடத்திலும் எட்டெட்டாகப் பிரிந்துள்ளன. ஆகவே தேடும் ஒரு சீட்டு சோடியிடம் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. எதிரிகளிடம் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. சோடியின் மேல் உள்ள அன்பு இக்கணக்கை மாற்றுவதில்லை. ஆட்டம் முடிந்தபின் திண்ணைகளில் எழும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றை மறந்ததனால் எழுபவை.

புதிதாக ஆடப் பழகுவோர் 32 சீட்டுகளையும் நினைவில் வைக்க முயன்று களைத்துவிடுகின்றனர். அது வேண்டியதில்லை. நான்கு ஜாக்கும் சேர்ந்தால் 120. நான்கு ஒன்பதும் சேர்ந்தால் 80. ஆக எட்டே எட்டுச் சீட்டுகளில் 200 அடங்கிவிடுகிறது. இந்த எட்டும், துரும்பு இனத்தின் எட்டும் எங்கே போயின என்று அறிந்து ஆடுபவர் முக்காற்பங்கு ஆட்டத்தை அறிந்தவராவார். பின்னர்ப் பத்தும் ஆசும் தாமாகவே நினைவில் பதியும்.

அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. துரும்பல்லாத ஓர் இனத்தில் ஜாக்கும் அதனோடு வேறு நான்கு சீட்டும் ஒருவர் கையில் வந்துவிட்டால், 'இந்த இனம் என்னுடையது' என்று மகிழ்ச்சியோடு ஜாக்கை இறக்குவார். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஐந்து அவர் கையிலேயே இருப்பதால் மற்ற மூவருக்கும் எஞ்சியவை மூன்றே. எதிரிகள் இருவரில் ஒருவரிடமாவது அவ்வினமே இல்லாதிருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். 100க்கு ஏறக்குறைய 53. இல்லாதவர் துரும்பால் வெட்டலாம். 30 பெறுமதியான ஜாக் அவரிடம் போய்விடும். அதே ஜாக்கோடு இரண்டு சீட்டு மட்டும் இருந்தால் அந்த ஆபத்து 100க்கு 20 அளவுக்குக் குறைகிறது. ஒரு சீட்டு மட்டும் இருந்தால் 12 அளவுக்கு. நீளமான இனத்தின் ஜாக்குக்கே வெட்டு அதிகம். குட்டையான இனத்தின் ஜாக் பெரும்பாலும் வீடு வந்து சேரும். துரும்புகளை எதிரிகளிடமிருந்து முதலில் உருவிவிட்டு, நீளமான இனத்தைப் பின்னுக்கு வைத்துக்கொள்வதே தக்கது.

சில பிடிகளை விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எதிரி வெல்லும் பிடியில் ஏழும் எட்டும் போவது இழப்பன்று. தன் சோடி வெல்லும் பிடியில் பத்தையும் ஆசையும் சேர்ப்பதே ஊதியம். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது சங்கிலி மன்னன் கோப்பாயிலிருந்த கோட்டைக்குப் பின்வாங்கி, அங்கிருந்து வன்னிக்குச் சென்றான். சில காலத்துக்குள் மக்கள் கிளர்ந்தெழவே, போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டு மன்னாரோடு அமைய வேண்டியதாயிற்று. பின்வாங்கலும் ஓர் உபாயம் என்பதைக் கோப்பாய் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

துரும்பு கவிழ்ந்திருக்கும் வரையில் ஆட்டம் இன்னும் நுட்பமானது. கேட்ட இனம் கையில் இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்தே போடுகிறார். அந்தப் பிடி முடிந்ததும், கேள்வி கேட்டவர் மட்டும் அதனை எடுத்துப் பார்ப்பார். அது துரும்பாயின் துரும்பு வெளிப்பட்டு வெட்டுச் செல்லும். துரும்பல்லவாயின் அச்சீட்டு மீண்டும் கவிழ்க்கப்படும். மற்றவர்கள் அது யாதென அறியமாட்டார்கள். ஒருவருக்குத் தெரிந்தது, மற்ற மூவருக்குத் தெரியாதது. இந்த வேறுபாட்டை ஊகத்தாலே நிரப்ப வேண்டும். இன்னார் 160கூடக் கேட்கவில்லை. ஆகவே முதல் நான்கில் ஜாக்கும் ஒன்பதும் ஓரினத்தில் இணைந்து அவரிடம் வந்திருக்க இடமில்லை. இன்னார் இரண்டாம் பிடியிலே பத்தை எறிந்தார். ஆகவே அந்தப் பிடி தம் சோடிக்கே என்று நம்பியிருக்கிறார். இவ்வாறு பேசாதவர்களின் பேச்சைக் கேட்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி. கண்ணாலும் இருமலாலும் சாடை காட்டுவது மட்டும் கூடாது. எண்ணுவது திறமை; சாடை காட்டுவது களவு. இந்த எல்லையைத் திண்ணைகள் கண்டிப்பாகவே காக்கின்றன.

இனி, கடல் கடந்து வேறொரு சீட்டாட்டத்தைப் பார்ப்போம். மேனாட்டுச் சூதாட்ட மண்டபங்களில் 'பிளாக் ஜாக்' என்றும் இருபத்தொன்று என்றும் வழங்கும் ஆட்டம் ஒன்று உண்டு. கொழும்பிலுள்ள கசினோக்களிலும் அது ஆடப்படுகிறது. ஆடுபவர் சீட்டுகளின் தொகை 21ஐத் தாண்டாமல், சீட்டுப் பகிர்பவரின் தொகையிலும் மேம்பட வேண்டும். தாண்டினால் அப்போதே தோல்வி. பகிர்பவருக்கோ சுதந்திரம் இல்லை. 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17இல் நிறுத்த வேண்டும். அவருடைய இரு சீட்டில் ஒன்று எல்லோருக்கும் தெரியும்படி விரிந்திருக்கும்.

ஒருவர் கையில் 16 இருக்கிறது. மேலும் எடுப்பதா, நிறுத்துவதா? நெடுங்காலம் இதை மனத்தின் போக்குக்கு விட்டிருந்தனர். 1956இல் அமெரிக்கப் படையில் பணியாற்றிய ரொஜர் போல்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மக்டெர்மொட் என்ற நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளின் உதவியோடு கணக்கிட்டு விடையை வெளியிட்டனர். பகிர்பவரின் விரிந்த சீட்டு 6 ஆயின் நிறுத்துக. 7 அல்லது அதற்கு மேலாயின் எடுக்க. காரணம் எளிது. 6ஐக் காட்டும் பகிர்பவர் கட்டாயமாக எடுத்து எடுத்து 21ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 42. அவர் தாமே விழக் காத்திருப்பதே அறிவு. இரண்டு ஆசு வந்தால் பிரித்து ஆடுக, இரண்டு எட்டு வந்தாலும் பிரித்து ஆடுக என்பனவும் அவ்வாறு கிடைத்த விதிகளே. இவை எல்லாவற்றையும் ஒருவர் பிழையின்றிக் கைக்கொண்டாலும் மண்டபத்துக்கே சிறிது இலாபம் நிற்கும். நூறு ரூபாவுக்கு ஒரு ரூபாவிலும் குறைவு. குறைவுதான். ஆனால் ஆடுந்தோறும் குறைவு.

அந்தச் சிறு இலாபத்தையும் திருப்பிவிட்டவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர். சென்ற சீட்டுகள் மீண்டும் வாரா. ஆகவே எஞ்சிய கட்டின் தன்மை ஒவ்வொரு சீட்டாலும் மாறுகிறது என்பதே அவர் பிடித்த நுனி. 704 என்ற எண்ணுடைய ஐ.பீ.எம். கணினியில் அவர் கணக்கிட்டார். 1962இல் நூலாகவும் வெளியிட்டார். ஐந்துகள் எல்லாம் போய்விட்ட கட்டு ஆடுபவருக்குச் சாதகமானது. 12 முதல் 16 வரை சிக்கிக்கொண்ட பகிர்பவரை 21க்குள் காப்பாற்றும் சீட்டுகளில் ஐந்தே முதன்மையானது. பின்னர் வந்த எளிய முறையில் இரண்டு முதல் ஆறு வரையான சீட்டு போகும்போதெல்லாம் ஒன்று கூட்டுவர். பத்து, ஜாக், இராணி, இராசா, ஆசு போகும்போதெல்லாம் ஒன்று கழிப்பர். தொகை உயரும்போது பந்தயத்தை உயர்த்துவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோப்பாய்த் திண்ணையில் வேண்டாமென்று ஒதுக்கி வைக்கும் அதே 20 சிறு சீட்டுகளைத்தான் அங்கே எண்ணுவோர் கண்ணிமைக்காமல் காவல் செய்கின்றனர்.

எண்ணுவோருக்கு மண்டபங்கள் செய்த மரியாதை யாது? வெளியேற்றம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எண்ணுபவர் என்று ஐயம் எழுந்தாலே எழுந்து போகச் சொல்வர். நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் 1982இல் கென் அஸ்டன் என்பவருடைய வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை மண்டபம் தானாகத் தள்ளிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மண்டபங்கள் சளைக்கவில்லை; பல கட்டுகளை ஒன்றாக்கின, இடையிடையே கலைத்தன, ஓயாது கலைக்கும் பொறிகளை மேசையில் பொருத்தின. இன்று கைத்தொலைபேசியில் இவ்வாட்டத்தை ஆடும் இளைஞர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கணினி நிரல் பகிரும் ஆட்டங்களில் பொதுவாக ஒவ்வொரு கைக்கும் கட்டுப் புதிதாகவே கலைக்கப்படுகிறது. போன சீட்டென்று ஒன்று அங்கே இல்லை, எண்ணுவதற்கு எதுவுமில்லை. தோர்ப்பின் நூலைத் தலைகீழாகப் பாடம் செய்தாலும் அங்கே அது பயன்படாது. 'முறை தெரியும்' என்ற துணிவில் சம்பளப் பணத்தை அதில் இடுபவர், சிறிது தாமதமாக இழப்பவர் மட்டுமே.

முந்நூற்று நான்கின் நியாயமோ இதற்கு நேர் மாறானது. இங்கே எண்ணாதவரே தண்டிக்கப்படுகிறார். ஒரு சோடி அதுவரையிலான எல்லாப் பிடிகளையும் வென்று, எஞ்சியவையும் தமக்கே என்று உறுதிப்படும் நிலை வந்தால், அக்கணமே அதனை வாய்விட்டுச் சொல்லிச் சீட்டை விரிக்க வேண்டும். உறுதியாகுமுன் சொன்னால் பிழை. உறுதியானபின் சொல்லாமல் இன்னொரு சீட்டை இறக்கினாலும் பிழை. எட்டுப் பிடியும் வென்றிருந்தும் தண்டம் கட்ட நேரிடும். தண்டத்தின் அளவு ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். விதியின் கருத்து ஒன்றே. வென்றால் போதாது, வென்றதை உரிய வேளையில் அறிந்திருக்கவும் வேண்டும். கணித ஆசிரியர்கள் கரும்பலகையின் முன் நின்று கேட்பதும் இதுவன்றோ: விடை சரிதான், எப்படி வந்தது என்று சொல்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். தெற்கே அமர்ந்தவர் கேள்வி கேட்டுக் கலாவரையைத் துரும்பாக்கியிருக்கிறார். அவர் கையில் கலாவரை ஜாக், ஒன்பது, பத்து, எட்டு, ஏழு, இஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ஆடுதன் ஜாக். முதல் இறக்கமும் அவருடையதே. துரும்பைத் திறந்தே ஆடுகிறார். பிறரிடமுள்ள துரும்புகள் மூன்று: ஆசு, இராசா, இராணி. இப்போதே எட்டும் தமதே என்று அவர் சொல்லலாமா? கூடாது. அம்மூன்றும் ஒரே கையில் இருந்தால், ஜாக்கும் ஒன்பதும் இராணியையும் இராசாவையும் மட்டுமே உருவும். எஞ்சிய ஆசு அவருடைய பத்தை அடித்துவிடும். மூன்றும் ஒரே கையில் சேரும் வாய்ப்பு 100க்கு 8 அளவே. சிறிதுதான், ஆனால் உறுதி என்பது 92 அன்று.

அவர் துரும்பு ஜாக்கை இறக்குகிறார். வலப்பக்கத்தவர் இராணியைப் போடுகிறார். சோடி துரும்பின்றி ஓர் ஏழைக் கழிக்கிறார். இடப்பக்கத்தவர் சிறிது தயங்கி, இராசாவைப் போடுகிறார். எட்டுத் துரும்பில் ஐந்து தம் கையில் வந்தவை, இரண்டு இப்போது விழுந்தவை. எஞ்சியது ஆசு ஒன்றே. அது எவர் கையில் இருந்தாலும் அடுத்து இறங்கும் ஒன்பதுக்கு விழுந்தே தீரும். பின்னர் வெளியில் துரும்பில்லை. பத்து, எட்டு, ஏழு மூன்றும் பிடி. இஸ்கோப்பன் ஜாக்கும் ஒன்பதும் பிடி. ஆடுதன் ஜாக்கும் பிடி.

சொல்ல வேண்டிய கணம் இதுவே; இதற்கு ஒரு சீட்டு முன்னுமன்று, பின்னுமன்று. எதிரே இருக்கும் சோடிக்கு அவர் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. வாய் திறந்து நினைவூட்டவும் உரிமையில்லை. வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, தெற்கே அமர்ந்தவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல்கள் ஒன்பதைத் தொடுகின்றன. அதை இறக்காமல் நிற்கின்றன. உதடுகள் அசைகின்றன: ஐந்து, இரண்டு, ஒன்று. பிறகு ஏழு சீட்டும் பாயின்மேல் விரிகின்றன. இடப்பக்கத்தவர் தம் கையிலிருந்த ஆசைத் தாமே எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த கைக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்குகிறார்.